வாங்கம்மா, வலிக்கலம்மா

மனித குலத்துக்கு இதனால் அறிவிக்கப்படுவது என்னவென்றால், இன்று காலை பத்தரை மணி முதல் வலி ரத்து செய்யப்படுகிறது. தலைவலி, பல்வலி, இடுப்புவலி, மூட்டுவலி முதலான சகல வலிகளும், அவற்றின் கிளைகளும் உபகிளைகளும் இத்துடன் செல்லாதவை ஆகின்றன. பொதுமக்கள் ஒத்துழைப்புத் தரும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

மதுரை வலியொழிப்பு ஆய்வு மையத்தின் வாசலில் இப்படி ஒரு பலகையை ஆளுயரத்துக்கு வைத்திருந்தார்கள். அமைச்சர் வரத் தாமதமானதால் வலி மேலும் இரண்டு மணி நேரம் நீட்டிக்கப்பட்டது.

பலகையின் ஆசிரியர் மையத்தின் இயக்குநர் டாக்டர் சொலமே. அது பிரெஞ்சுப் பெயரா, பட்டப் பெயரா என்று யாருக்கும் தெரியாது. பாரிசில் எட்டு வருடம் இருந்தவர். சொந்த ஊர் எது என்று கேட்டால், "பூமி" என்பார். அவர் பேசும் தமிழில் பிழை இருக்காது. உப்பும் இருக்காது. தும்மினால்கூட முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பிறகு தும்முவார் என்று மையத்தில் சொல்வார்கள்.

அவர் கண்டுபிடித்தது 'இன்பவித்து'. உளுந்து அளவே இருக்கும். பின்கழுத்தில் தோலுக்கு அடியில் வைத்துத் தைத்துவிடுவார்கள். உலகத்திலேயே முதன்முதலாக அதை வாங்கிக்கொண்டவர் தவமணி. தொடக்க விழா மேடையில் அவரையும் நிறுத்தியிருந்தார்கள். மேடையில் எல்லாருக்கும் நாற்காலி இருந்தது, நோயாளியைத் தவிர.

அது தவமணிக்குப் புதிதல்ல. விளக்குத்தூண் பக்கம் அல்லிராணி சில்க்ஸில், மூன்றாவது மாடியில், கல்யாணப் பட்டுப் பிரிவில் விற்பனையாளராக இருபது வருடமாக நிற்கிறவர். அந்தக் கடையில் உட்கார உரிமை உள்ளவர்கள் இரண்டே பேர். ஒருவர் வாடிக்கையாளர், இன்னொருவர் படத்தில் இருக்கும் மகாலட்சுமி. ஊழியர்களுக்கும் நாற்காலி போட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. முதலாளி சுயம்புலிங்கம் அண்ணாச்சி சட்டத்தை மதிக்கிறவர். ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி மூன்றாவது மாடியில் போட்டார். அது சும்மா கிடப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், அரக்குக் கலர் பட்டுக் கட்டிய துணிக்கடைப் பொம்மை ஒன்றை அதில் உட்காரவைத்தார்.

தவமணிக்கு இடுப்பில் தொடங்கும் வலி, தொடை வழியாக இறங்கி, கணுக்காலில் போய்ச் சுள்ளென்று கொட்டும். ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றும் தெரியவில்லை. பலமான மாத்திரை கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்ட அன்று காஞ்சிபுரம் பட்டு அடுக்கின் மேலேயே சாய்ந்து குறட்டை விட்டார். போதாக்குறைக்குக் கழிவறை விவகாரத்தில் காலவரையற்ற வேலைநிறுத்தம். மாத்திரையை நிறுத்தினார், வலி வந்தது. "காரணமே இல்லாத வலி! அறிவியலுக்கு இதைவிடத் தூய்மையான நோயாளி கிடைக்க மாட்டார்" என்று டாக்டர் சொலமே கையைக் குலுக்கினார்.

விளக்கம் சொல்ல வேண்டிய பொறுப்பு டாக்டர் ஷமீமுக்கு. சின்ன வயசு, மதுரைக்காரி.

"கால் வலிக்குதுன்னு சொல்றீங்க. வலி கால்ல இல்லண்ணே."

"பின்ன எங்கம்மா இருக்கு?"

"மூளையில. காலு தகவல் மட்டும்தான் அனுப்பும். உங்க கடையில கீழ நிக்கிறவரு 'கல்யாண பார்ட்டி வருது'ன்னு மேல குரல் குடுப்பாருல்ல? பார்ட்டி மூணாவது மாடிக்கு வந்தாத்தான உங்களுக்கு வியாபாரம்? நடுவுல படிக்கட்டுல ஒருத்தன் நின்னுக்கிட்டு, 'மேல இன்னிக்கு லீவு'ன்னு திருப்பி விட்டுட்டா?"

"நாங்க பட்டினி."

"வலியும் பட்டினி. அந்தப் படிக்கட்டு ஆளுதான் அபினி, மார்ஃபின் எல்லாம். நரம்புல பூட்டு இருக்கும், அதுல சாவி மாதிரி போய் உக்காரும். அதே பூட்டு குடல்லயும் இருக்கு. அதனாலதான் மாத்திரை போட்டப்ப உங்களுக்கு…"

"அதைச் சொல்லாதீங்கம்மா." தவமணி சுவரைப் பார்த்தார்.

"மூச்சு விட வைக்கிற இடத்துலயும் இருக்கு. அதான் ஆபத்தே. ஆனா பாருங்க, நம்ம உடம்பே சொந்தமா அபினி காய்ச்சும். எண்டார்பின்னு பேரு."

"போலீசுக்குத் தெரியுமா?"

"உள்ளூர்ச் சரக்கு, கேசு கிடையாது. இந்த விதை அந்தக் கடையைத் தொறக்கச் சொல்லும், அவ்வளவுதான்."

"எப்பத் தொறக்கணும்னு அதுக்கு எப்பிடித் தெரியும்?"

இங்கேதான் டாக்டர் சொலமேயின் மேதைமை வருகிறது. ஜுரத்துக்கு மானி உண்டு, ரத்தக் கொதிப்புக்கு மானி உண்டு, வலிக்கு மட்டும் கிடையாது. வலித்தால் மனிதன் கத்துவான். ஆகவே கத்தலே மானி. எந்தச் சொல்லைக் கத்தினால் விதை திறக்க வேண்டும் என்று முடிவு செய்ய ஒரு குழு போட்டார்கள். முதலில் வந்தது 'ஐயோ'. அது எமனுடைய பெண்டாட்டி பெயர், ஆஸ்பத்திரியில் வைத்து அந்த அம்மாளைக் கூப்பிடுவது சரியல்ல என்று மூத்த உறுப்பினர் ஒருவர் சொன்னதும், விஞ்ஞானிகள் அனைவரும் ஒருமனதாக அதைத் தள்ளினார்கள். அடுத்தது 'அப்பா'. வலி விட்டதும் 'அப்பாடா' என்று சொன்னால் விதை மறுபடி திறக்கும் என்பதால் அதுவும் போயிற்று. மிஞ்சியது 'அம்மா'. பேச்சில் சும்மா வந்தால் போதாது, யாரையாவது கூப்பிடுகிற தொனியில் வந்தால்தான் விதை திறக்கும். சென்னையில் ஓர் ஏசி வார்டில் கத்தல்களைப் பதிவு செய்து பார்த்தார்கள். அங்கே அனைவரும் அம்மா என்றே கத்தினார்கள், சிலர் மெதுவாக.

"தமிழன் வலியில் அழைப்பது தாயை மட்டுமே!" என்று டாக்டர் சொலமே மேடையில் முழங்கினார். அமைச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் தவமணி பஸ்ஸை விட்டு இறங்கும்போது கால் பள்ளத்தில் இறங்கியது. வலி கணுக்காலிலிருந்து உச்சந்தலை வரை மின்னலாக அடித்தது.

"ஆத்தாடீ!"

விதை அசையவில்லை. அவர் இன்னும் உரக்க, "ஆத்தே! யாத்தே!" என்றார். தெருநாய் ஒன்று எழுந்து வந்து பார்த்தது. விதை மட்டும் வரவில்லை.

வீட்டில் மனைவி இந்திராணி வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே கேட்டாள். "ஊசிப்போன விதையைத் தலையில கட்டிட்டாகளா?"

"அம்மான்னு கத்தணுமாம். மறந்துபோச்சு."

"வலிக்கையில எவன் யோசிச்சுக் கத்துவான்?"

"அதானே. எங்காத்தாளைப் பொறந்ததுல இருந்து ஆத்தான்னுதான கூப்பிட்டேன். அம்மான்னா அது வேற யாரோ மாதிரி இருக்கு."

"வேற யாரு?"

தவமணி யோசித்தார். "கஸ்டமரு."

மறுநாள் காலை கடையில் அது தெளிவாயிற்று. முதல் 'வாங்கம்மா'வுக்கு இடுப்பில் பிடித்திருந்த பிடி விட்டது. 'உக்காருங்கம்மா'வுக்குத் தொடை லேசானது. 'கல்யாணம் யாருக்கும்மா'வுக்குக் கணுக்கால் குளிர்ந்தது. நாலாவது அம்மாவில் வலி தீர்ந்துவிட்டது. ஆனால் கஸ்டமர்கள் தீரவில்லை. மதியத்துக்குள் தவமணி, இமயமலையில் நாற்பது வருடம் இருந்துவிட்டு நேரே மூன்றாவது மாடிக்கு வந்தவர் போல ஆகிவிட்டார்.

"இந்தக் கலர் மங்காதே?" என்று ஒரு பெண்ணின் தாயார் கேட்டார்.

"மங்கும்மா. எல்லாம் மங்கும்மா."

"சரிகை அசல்தான?"

"அசல்னு சொல்லிக்கிறோம்மா."

"அப்புறம் எதுக்கு இம்புட்டு விலை?"

"அது எங்களுக்கே தெரியலம்மா. நீங்க கட்டியிருக்கீங்களே சுங்குடி, அது எம்புட்டு அழகா இருக்கும்மா!"

அந்த அம்மாள் இருபது வருடமாக எந்தக் கடையிலும் கேட்காத ஒன்றைக் கேட்டுவிட்டுக் கண் கலங்கிப் போனார். மறுநாள் நாத்தனாரைக் கூட்டி வந்தார். ஒரே வாரத்தில் மூன்றாவது மாடியில் கூட்டம் நெரிந்தது. தவமணி சொல்வதைக் கேட்டுவிட்டு, மனநிறைவோடு கீழே இறங்கி, எதிர்க்கடையில் போய்ப் புடவை எடுத்தார்கள்.

"எதிர்க்கடைக்காரன் எனக்கு அல்வா டப்பா அனுப்புதான்யா!" என்று அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார். "என்னய்யா செய்த நீ?"

"உண்மையச் சொன்னேங்கம்மா" என்றார் தவமணி.

அண்ணாச்சி திடுக்கிட்டு மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

விஷயம் அதுதான். பூட்டில் ஓயாமல் சாவி போட்டால் பூட்டு தேய்ந்துவிடும். முன்பு நாலு அம்மாவில் கிடைத்த சுகத்துக்கு இப்போது நாற்பது தேவைப்பட்டது. தவமணி கண்டக்டரிடம், "தெப்பக்குளம் ஒண்ணு குடுங்கம்மா" என்றார். பால்காரரை அம்மா என்றார். மின்கணக்கு எடுக்க வந்த முரட்டு ஆளை அம்மா என்றார், அவர் கோபித்துக்கொண்டு போனார். கடைக்கு விடுமுறை விட்ட அன்று வீட்டில் அம்மா என்று சொல்ல ஆள் இல்லை. இந்திராணியை அப்படிக் கூப்பிட்டால் கரண்டி பறக்கும். மதியம் கொட்டாவி மேல் கொட்டாவி வந்தது. மூக்கு ஒழுகியது. கை மயிரெல்லாம் நட்டுக்கொண்டு, உரித்த கோழித் தோல் போல ஆயிற்று. கால் தானாக உதறியது. ஒன்றுக்கும் உதவாத எரிச்சல் வேறு.

தாங்க முடியாமல் எழுந்து போய் மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுர வாசலில் நின்று, "அம்மா! அம்மா! அம்மா!" என்றார். அங்கே அது யாருக்கும் விநோதமாகப் படவில்லை. வெளியூர் பக்தர் ஒருவர் கை கூப்பினார். ஒரு கிழவர் கையில் வாழைப்பழம் ஒன்றைத் திணித்துவிட்டுப் போனார்.

தேடி வந்த இந்திராணி, அந்தப் பழத்தையும் அவர் முகத்தையும் பார்த்தாள். முதலில் சிரித்தாள். பிறகு அவர் கையைப் பிடித்து வீட்டுக்கு நடத்திக்கொண்டு போனாள்.

மறுநாள் அண்ணாச்சி கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "தவமணி, ஆடித் தள்ளுபடி ஆரம்பிக்கதுக்குள்ள பழைய ஆளா வந்து நில்லு. இல்லன்னா வராத."

ஐம்பத்து மூன்று வயது ஆளை வேறு எந்தக் கடையில் சேர்ப்பார்கள்? விதையை எடுத்துவிட்டால் கால் நிற்காது. விதை இருந்தால் நாக்கு நிற்காது. ஆடி பிறக்க மூன்றே வாரம். புருஷனைக் கூட்டிக்கொண்டு இந்திராணி ஆய்வு மையத்துக்குப் போனாள்.

டாக்டர் சொலமே கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். டாக்டர் ஷமீம் திறந்துகொண்டு கேட்டாள்.

"சார், சொல்லை மாத்திரலாம். இவருக்கு ஆத்தாடின்னு வச்சிரலாம். அளவையும் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சா உடம்பு பழைய நிலைக்கு வந்துரும்."

"டாக்டர் ஷமீம்," என்று இயக்குநர் கண்ணைத் திறந்தார். "ஆத்தாடி என்பது சொல் அன்று. வட்டார ஓசை. பண்பட்ட நரம்பு மண்டலம் 'அம்மா' என்றே சொல்லும்."

"என் நரம்பு பண்படலைங்களா?" என்றார் தவமணி, வருத்தத்துடன்.

"பயிற்சி தேவை. கண்ணாடி முன் நின்று, வலியைக் கற்பனை செய்து, அம்மா என்று கத்திப் பழகுங்கள்."

"ஐயா," என்று இந்திராணி முன்னால் வந்தாள். "அந்தப் பூட்ஸைக் கழட்டிட்டுக் காலை இங்கிட்டு நீட்டுங்க. நான் ஒரு மிதி மிதிக்கறேன். உங்க நரம்பு என்ன சொல்லுதுன்னு பாத்துருவோம்."

டாக்டர் ஷமீமுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

இயக்குநர் சிரித்தார். மேதைகள் பாமரர்களை மன்னிக்கும்போது சிரிக்கிற சிரிப்பு. "மிதிக்க வேண்டாம், அம்மையீர். என் கழுத்திலும் இன்பவித்து இருக்கிறது. வரும் வெள்ளிக்கிழமை வெளிநாட்டு வல்லுநர்கள் வருகிறார்கள். அவர்கள் முன்னிலையில் என் உடம்பிலேயே நிரூபிக்கிறேன். நிரூபித்துவிட்டால் சொல்லை மாற்றும் பேச்சே கூடாது."

"தோத்துட்டா மாத்துவீகளா?"

"அறிவியல் தோற்பதில்லை."

"அதை விடுங்க. நீங்க தோத்துட்டா?"

டாக்டர் சொலமே தலையசைத்தார். சம்மதம் என்று ஷமீம் எடுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை அரங்கம் நிறைந்திருந்தது. ஏழு நாட்டு வல்லுநர்கள் கழுத்தில் சந்தன மாலை போட்டுக்கொண்டு, அதைக் கழற்றலாமா என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி வரிசையில் தவமணியும் இந்திராணியும். மேடையில் ஐஸ் தண்ணீர்த் தொட்டி. வலி ஆராய்ச்சியில் இது வழக்கமான சோதனை. ஐஸ் தண்ணீரில் கையை வைத்திருந்தால் கொஞ்ச நேரத்தில் எலும்பு வரை கடுக்கும்.

இயக்குநர் சட்டைக் கையை மடித்து, தண்ணீருக்குள் கையை விட்டார். அசையவில்லை. முகம் வெளுத்தது. சட்டையில் குத்திய மைக்கில் நிதானமாக, ழகர ளகரம் பிசகாதவர் சொல்லும் சுத்தத்தோடு, "அம்மா" என்றார்.

முகம் மலர்ந்தது. கை தொட்டியிலேயே இருந்தது. வல்லுநர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். தவமணியின் கை இந்திராணியின் கையைத் தேடியது. ஆடிக்கு இன்னும் இரண்டே வாரம்.

இயக்குநர் தலை வணங்கினார். தொட்டித் தண்ணீர் சிந்தி நனைந்துவிடக் கூடாதென்று பூட்ஸைச் சோதனைக்கு முன்பே கழற்றி வைத்திருந்தார். வெறுங்காலோடு, கை கூப்பியபடி, கம்பீரமாகத் திரும்பி நடந்தார். அங்கே தொடக்க விழாவில் அமைச்சர் ஏற்றிய வெண்கலக் குத்துவிளக்கு இன்னும் இருந்தது. அதன் அடிப்பீடத்தில் அவருடைய இடது கால் சுண்டுவிரல் போய் இடித்தது.

கால் சுண்டுவிரலை இடித்துக்கொண்ட எவருக்கும் தெரியும், அந்த நேரத்தில் பாரிசு கிடையாது.

"ஆத்தாடீ! ஆத்தே! யாத்தே, போச்சே, வெரலு போச்சேடா!"

மைக் வேலை செய்துகொண்டிருந்தது. அரங்கம் முழுக்க எட்டு ஒலிபெருக்கிகளில் ஆத்தாள் வந்து போனாள். டாக்டர் சொலமே ஒற்றைக் காலில் மேடையைச் சுற்றி வந்தார். விதை செயல்படவில்லை. பண்பட்ட நரம்பு மண்டலம் முழு வலியையும் முதல் தரத்தில் அனுபவித்தது. மொழிபெயர்ப்பாளர் பெண், "அவர் தம் தாயை… இல்லை, தாயை அல்ல…" என்று காதுக்கருவியில் திணறினாள்.

யாரும் அசைவதற்கு முன் தவமணி மேடையேறிவிட்டார். சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் தைல பாட்டிலைத் திறந்து, இயக்குநரைப் பிடித்து உட்காரவைத்து, விரலில் தடவினார். இருபது வருட வலிக்காரருக்கு இன்னொரு வலிக்காரரைப் பார்த்தால் கை தானாகப் போகும்.

"மெல்ல, மெல்ல… சாருக்கு மேலூர்ப் பக்கமா?"

கண்ணில் நீர் முட்ட இயக்குநர் நிமிர்ந்து பார்த்தார். மைக் இன்னும் வேலை செய்துகொண்டிருந்தது.

"மேலூருக்கு அங்கிட்டு… கொட்டாம்பட்டி."

"பேரு?"

"சோலைமலை."

"நல்ல பேராச்சே. அதை ஏன் அப்பிடி நசுக்கினீக?" என்று கீழேயிருந்து இந்திராணி கேட்டாள்.

அன்று மாலையே சொல் மாற்றப்பட்டது. 'பன்மைப் பண்பாட்டு வலித்தளம்' என்று அதற்கு ஒரு பெயர் வைத்து, இதுவே தொடக்கத்திலிருந்து தன் திட்டம் என்று டாக்டர் சோலைமலை அறிக்கை விட்டார். டாக்டர் ஷமீம் அளவைப் படிப்படியாகக் குறைத்தாள். தவமணிக்குக் கொட்டாவி நின்றது, மூக்கு நின்றது. ஆடி பிறப்பதற்குள் ஆயிரம் தடவை வாங்கம்மா என்றாலும் வெறும் வாங்கம்மாவாகவே இருந்தது. பழைய தவமணி மூன்றாவது மாடிக்குத் திரும்பினார்.

"கலர் மங்காதே?"

"உங்க பேத்தி கல்யாணத்துக்கும் இதையே கட்டலாம்மா!"

அண்ணாச்சி மகாலட்சுமிக்குப் பெரிய மாலையாகப் போட்டார்.

சுகம் மத்தியானம் வரை நீடித்தது. கால் தன் வேலையைத் தொடங்கியது. முதல் சுள் வந்தபோது தவமணி ஒரு பட்டின் விலைச்சீட்டைத் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"ஆத்தாடீ!"

விதை திறந்தது. வலி போனது. எதிரே உட்கார்ந்திருந்த குடும்பமும் எழுந்து போனது.

"விக்கிறவரே விலையைப் பாத்து ஆத்தாடிங்கறாரு. நமக்கு எப்பிடிக் கட்டுப்படியாகும்?"

சாயங்காலத்துக்குள் இப்படிப் பல குடும்பங்கள் போயின. ஒரு மாப்பிள்ளை வீட்டார் லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. அண்ணாச்சி டாக்டர் ஷமீமுக்குப் போன் போட்டார். "எம்மா, தாயி, வேற ஏதாச்சும் ஒரு வார்த்தை போட்டுக் குடுங்க. 'சூப்பர்'னு போடுங்க. 'மலிவு'ன்னு போடுங்க. புண்ணியமாப் போகும்."

டாக்டர் ஷமீம் நேரிலேயே வந்தாள். மூன்றாவது மாடியைச் சுற்றிப் பார்த்தாள். நிற்கிற தவமணியைப் பார்த்தாள். பிறகு, அரக்குப் பட்டுக் கட்டி, கால் மேல் கால் போட்டு, சிவப்பு நாற்காலியில் சாவகாசமாக உட்கார்ந்திருந்த பொம்மையை நெடுநேரம் பார்த்தாள்.

"அண்ணாச்சி, இந்தம்மாவுக்கு எத்தனை வருஷமா இடுப்பு வலி?"

"பொம்மைக்கு ஏதும்மா இடுப்பு வலி?" என்று சிரித்தார் அண்ணாச்சி. பாதியில் சிரிப்பை நிறுத்தினார்.

பொம்மையை எழுப்பி நிறுத்திவிட்டு, அந்த நாற்காலியில் தவமணி உட்கார்ந்தார்.

வலி போய்விட்டது.